சிப்பிப்பாறைக்கு ஒரு பிடி அரிசி

என் மகன் அயர்லாந்தில் இருக்கிறான். ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆயிற்று. லீவு இல்லை, டிக்கெட் விலை தாங்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, மருமகளுக்கு இடுப்புவலி என்று காரணங்கள் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. வர முடியாதவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அம்மாமேல் பாசம் பொங்கிவிட்டது அவனுக்கு. தனக்குப் பதிலாக ஒரு நாயை அனுப்பிவைத்தான்.

நான் நாய் கேட்கவில்லை. கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், குளத்தூர்ப் பக்கம், பத்து சென்ட் நிலத்தில் என் வீடு இருக்கிறது. நானும் அவன் அப்பாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பியது. அவர் போன பிறகு நான் ஒருத்திதான். நெய்யாற்றின்கரையில் ஒரு அரசு ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். மனுவோடு வருகிறவர்கள் என் மேசைக்கு வருமுன் வாசலிலேயே ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். என் வீட்டுக்கு எந்தத் திருடன் துணிந்து வருவான்? ஆனால் ஒருநாள் போனில், பக்கத்து இடைவழியில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான்.

“அம்மா, நான் ஒரு பட்டி வாங்கி அனுப்புகேன்” என்றான். எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பட்டி என்றுதான் பெயர். “வெளிநாட்டு ஐட்டம் ஒண்ணும் இல்ல. சிப்பிப்பாறை. நம்ம நாட்டு வேட்டைப்பட்டியாக்கும். பழைய பரம்பரை.”

பிறந்த நாட்டை விட்டு ஓடிப்போனவனுக்கு நாட்டு நாய்மேல் வந்த பற்றைப் பார்த்தீர்களா? ராத்திரி முழுக்க வீடியோ பார்த்திருக்கிறான். முயலை எப்படித் துரத்தும், பன்றியை எப்படி மடக்கும் என்று எனக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தான். என் பத்து சென்டில் முயலும் இல்லை, பன்றியும் இல்லை. ஒரு கிணறும் இரண்டு தென்னையும் ஒரு பலாவும் கொஞ்சம் வாழையும் உண்டு. அவற்றை யாரும் துரத்த வேண்டியதில்லை என்று சொன்னேன். அதற்குள் அவன் அட்வான்ஸ் கொடுத்திருந்தான்.

கோவில்பட்டிக்கு அப்பாலிருந்து ஒரு மனிதர் காரில் கொண்டுவந்தார். பின்கதவைத் திறந்ததும் முதலில் ஒரு மூக்கு வந்தது. அது வந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக முகம் முடிந்ததே என்று பார்த்தால் கழுத்து தொடங்கியது. கழுத்துக்குப் பிறகு நெஞ்சு, முன்னங்கால் முட்டிவரைக்கும் ஆழமாக இறங்கிய நெஞ்சு. அதற்கு அடுத்தபடி வயிறு வரவேண்டும், இல்லையா? வரவில்லை. வயிறு இருக்கவேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. இடுப்புக்கு மேலே முதுகு வில்லாக வளைந்து, பின்தொடையில் மட்டும் சதை இறுகி, நான்கு கால்களும் நெடுநெடுவென்று நின்றன. வால் சாட்டைபோல மெலிந்து கீழே இறங்கி நுனியில் சற்று மேலே வளைந்திருந்தது. செவலை நிறம். ரோமம் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அந்தத் தோலுக்கடியில் விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை வைத்துவிட்டாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்று கூப்பிடுவாள். சொந்தமெல்லாம் இல்லை. ஒரே சபை, ஒரே மதில், அவ்வளவுதான்.

“அய்யோ மைனி, இது பட்டியா மான்குட்டியா? இதுக்க வயிறு எங்க?”

கொண்டுவந்த மனிதர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம் மட்டும் சொன்னார். “தாயி, கண்டதையும் போட்டுக் கொழுக்க விட்டுராதீக. பின்பக்கம் மூணு விலா எப்பவும் தெரியணும். தெரியலைன்னா நாய் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இது ஓடப் பொறந்தது.”

காலையில் மோர் விட்ட கம்பங்கூழ், சாயங்காலம் கொஞ்சம் சோறும் முட்டையும் என்றார். கம்புக்கு நான் எங்கே போவேன்? மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் தின்று வளர்ந்த ஊர் இது. கடைசியில் களியக்காவிளைக்கு பஸ் ஏறிப் போய் கம்பு வாங்கி வந்தேன். நாயின் சாப்பாட்டுக்காக மாநில எல்லையைத் தாண்டியவள் எங்கள் சபையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மகன் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தான். அது நாய்க்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. நான் “எலே” என்றேன். அது திரும்பிப் பார்த்தது. அத்தோடு பெயர் விவகாரம் முடிந்தது.

காவலுக்கு வந்த நாய் குரைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? மீன்காரி வந்தாள், தபால்காரர் வந்தார், கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். எல்லாரையும் அது ஒருதடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகனிடம் சொன்னேன். “அது தேவையில்லாம குரைக்காது அம்மா, அதுதான் அதுக்க குணம்” என்றான். தேவை எது என்பதை அது இன்றுவரை முடிவு செய்யவில்லை.

யாராவது தடவ வந்தால் ஒரு எட்டு விலகி நிற்கும். கடிக்காது, உறுமாது, விலகும். வேறு யார் கையால் எதைக் கொடுத்தாலும் வாயில் வாங்காது. அண்டாவில் பிரியாணி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. நான் வைத்தால் தின்னும், அதுவும் நான் பக்கத்தில் நின்றால்தான். நாய் நாற்றம் என்பதே கிடையாது. தன்னை நக்கி நக்கிப் பூனைபோல் சுத்தமாக வைத்துக்கொள்ளும். இத்தனை கௌரவமும் வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கியதும் பறந்தது. வெயில்காட்டில் பிறந்த உடம்பு. நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு என் கட்டிலுக்கடியில் வந்து படுத்தது. பீரோவிலிருந்து மகனுடைய அப்பாவின் கம்பளிச் சட்டையை எடுத்து, கையை வெட்டி, அதற்கு மாட்டிவிட்டேன். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். நானும் தனியாகக் கொஞ்சம் சிரித்தேன்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் சபை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சுற்றிலும் மதில், கேட்டைச் சாத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர் காற்றில் எழுந்தது. நாய் அதைப் பார்த்த கணம் நான் பார்க்கவில்லை. திரும்பினபோது அது மைதானத்தின் பாதியில் இருந்தது. உடம்பு நீண்டு தரையோடு படிந்தது, பிறகு சுருங்கி எழுந்தது, மறுபடி நீண்டது. நான்கு காலும் தரையில் இல்லாத நேரம்தான் அதிகம். அந்த வளைந்த முதுகும் இல்லாத வயிறும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டன் பூட்டன் எல்லாம் முயல் பிடித்த வம்சம், இது பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு தினமும் போனோம்.

ஆனால் ஊரார் கண்ணுக்கு ஓட்டம் தெரியவில்லை, விலா எலும்புதான் தெரிந்தது.

முதலில், நான் பிசினாறி என்றார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, முப்பது வருடமாகக் கேட்டுவருவதுதான். பிறகு யாரோ யோசித்திருக்கிறார்கள். பென்ஷன் வருகிறது, மகன் வெளிநாட்டில், பிறகு நாய் ஏன் காய்ந்துபோய்க் கிடக்கிறது? சோறு போட மறந்துபோகிறாள். ஏன் மறக்கிறாள்? வயசாகிவிட்டது, தலை சரியில்லை. இதற்குச் சாட்சிகளும் கிடைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு காலிலும் இரண்டு வேறு செருப்புப் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேனாம். போனேன்தான். கரண்ட் இல்லாத விடியற்காலையில் இதைச் செய்யாத பெண்பிள்ளை இந்தத் தாலுகாவில் யாராவது உண்டென்றால் வந்து கல்லெறியட்டும்.

எங்கள் சபையில் யாரும் புறணி பேசமாட்டார்கள். பாவம் அல்லவா? அதனால் சொல்லவேண்டியதை ஜெபக்குறிப்பாகச் சொல்லுவார்கள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் அந்த வாரம் பக்கத்து வீட்டில் நடந்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரிதான் ஜெபித்தாள்.

“கர்த்தாவே, எங்க சபையில ஒரு சகோதரி உண்டு. பேரு சொல்லல்ல, உமக்குத் தெரியும். அவங்களுக்க ஞாபகசக்தியத் திருப்பிக் குடும் ஆண்டவரே.”

யாரோ பாவம் என்று நானும் உருக்கமாக “ஆமென்” சொன்னேன். மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகவே சொன்னேன்.

“அவங்க வீட்டில பட்டினி கிடக்குத வாயில்லா ஜீவனையும் நினைச்சருளும்.”

கண்ணைத் திறந்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறந்திருந்தவள் நான் மட்டும் இல்லை. இருபது பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் வாயில்லாத ஜீவன் அது ஒன்றுதான், அதையும் விட்டுவைக்கவில்லை.

“அது வேட்டைப்பட்டியாக்கும். அதுக்க உடம்பே அப்படித்தான். கால்நடை டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க” என்றேன். உண்மையிலேயே நான் அவரிடம் காட்டியிருந்தேன். நாய் அருமையாக இருக்கிறது, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மலையாளத்தில் ஆசீர்வாதம் செய்து அனுப்பியிருந்தார்.

“அவரு பசுவுக்கு ஊசி போடுத ஆளு மைனி. பட்டியப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கோபப்படாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

பிடியரிசி என்று ஒரு வழக்கம் எங்கள் சபைகளில் உண்டு. சோறு வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவோம். அது கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் போகும். எந்த வீடு கஷ்டப்படுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை நான் பதினோரு வருடம் செய்தேன். அரிசிப் பையோடு நான் ஒரு படி ஏறினால் அந்த வீட்டுக்காரி முகம் தொங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு முதல் எங்கள் பெண்கள் சங்கத்து வீடுகளில் இரண்டாவது பாத்திரம் வைத்தார்கள். அது என் நாய்க்கு. தினம் ஒரு வீடு என்று முறைபோட்டு, கஞ்சியாகவே காய்ச்சி, மூடி போட்ட தூக்கில் என் படியேறிக் கொண்டுவந்தார்கள். என் முகம் எப்படித் தொங்கியது என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

முதல் நாள் கஞ்சியை அவர்களே நாய்க்கு வைத்தார்கள். அது முகர்ந்துகூடப் பார்க்காமல் விலகிப் போனது. “பாத்தியளா, தின்னவே மறந்துபோச்சு பாவம்” என்றார்கள். மறுநாள் முதல் தூக்கை வாங்கி வைத்து, அவர்கள் போனதும் கஞ்சியை வாழை மூட்டில் ஊற்றினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி அதை மதிலுக்கு மேலிருந்து பார்த்துவிட்டாள். பட்டிக்கு வைக்க வேண்டிய கஞ்சியை மைனி மறந்துபோய் வாழைக்கு ஊற்றுகிறாள் என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை என்ன செய்ய? அந்த வருடம் வாழை மட்டும் நன்றாகக் குலை தள்ளியது.

அதுவரைக்கும் எனக்கு எரிச்சல்தான், பயம் இல்லை. பயம் அயர்லாந்திலிருந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி நாய் சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் நின்றபோது மதிலுக்கு மேலிருந்து போட்டோ எடுத்து என் மகனுக்கு அனுப்பியிருக்கிறாள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு விலாவுக்கும் ஒரு நிழல் விழும் அல்லவா? அவன் அன்றைக்கே கூப்பிட்டான். அவன் குரல் எடுத்ததுமே மாறியிருந்தது.

“அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?”

“ஏன், அயர்லாந்தில காலண்டர் இல்லியா?”

“சும்மா கேட்டேன் அம்மா. மாசம் என்ன?”

என்னிடம் மனுப் போட வந்தவர்களிடம் நான் கேட்ட கேள்விகளெல்லாம் நினைவுக்கு வந்தன. பதில் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். அவன்தான் நடுவில் தப்பாக்கினான், நான் திருத்தினேன். கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

“பட்டிக்குச் சோறு போட மறக்குத ஆளு நாளைக்கு கேஸை அணைக்க மறந்தா? நான் இங்க இருந்து என்ன செய்ய முடியும்? நெய்யாற்றின்கரைப் பக்கத்தில ஒரு இல்லம் உண்டு அம்மா. நர்ஸ் உண்டு, ஜெபம் உண்டு, எல்லாம் உண்டு. நான் பேசி வச்சிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வாறேன். வந்து உங்களை அங்க சேத்துட்டு வீட்டை ஒரு முடிவு பண்ணலாம்.”

பார்த்தீர்களா? நான்கு வருடமாகக் கிடைக்காத லீவு கிடைத்துவிட்டது. அம்மாவைப் பார்க்க டிக்கெட் இல்லை, அம்மாவின் வீட்டைப் பூட்ட டிக்கெட் உண்டு. நான் அன்றைக்கு ராச்சோறு தின்னவில்லை. இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். கிணற்றடியில் எந்த இடத்தில் வழுக்கும், எந்த ஜன்னல் மழையில் இறுகும் என்று தெரியும். முன்பின் தெரியாத ஒரு அறையில், மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் தின்று, மணி அடித்தால் படுக்கிற கூட்டத்தில் போய்ச் சாகமாட்டேன் என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் தீர்ந்ததும் அழுகை வந்தது.

நான் விடுகிற ஆளா? நெய்யாற்றின்கரையில் மூளை டாக்டர் ஒருவரிடம் நானே போனேன். படம் வரையச் சொன்னார், மணி பார்க்கச் சொன்னார், ஐந்து சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டில் என் வயதைத் தப்பாக எழுதியிருந்ததையும் சுட்டிக்காட்டினேன். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையொப்பம் போட்டு சீல் வைத்துத் தந்தார். சீலும் ஒப்பும் இருந்தால் இந்த உலகில் எதுவும் செல்லும் என்று நம்பி முப்பது வருடம் சம்பளம் வாங்கியவள், அதை மகனுக்கு அனுப்பினேன்.

“சர்டிபிகேட்டெல்லாம் சரிதான் அம்மா. ஆனா பட்டி இன்னும் அப்படித்தானே இருக்கு?”

“எலே, நீதானே வாங்கி அனுப்பின? நீ பாத்த வீடியோவில அது எப்படி இருந்தது?”

“அதில நல்லா ஓடிட்டு இருந்தது அம்மா. ஓடும்போ எலும்பு தெரியல்ல.”

இதற்குமேல் என்ன பேச? டாக்டர் எழுதினது செல்லாது, கால்நடை டாக்டர் சொன்னது செல்லாது, நான் சொல்வது செல்லவே செல்லாது. எனக்குப் புத்தி இருக்கிறது என்பதற்கு ஊரும் மகனும் ஒத்துக்கொள்ளும் அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான். அது நாயின் மேல் சதையாக இருக்கவேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டரை மாதம் இருந்தது. நான் முடிவு செய்தேன்.

வந்த கஞ்சி எதையும் கொட்டவில்லை. அதில் நெய் விட்டேன். சாளையும் முட்டையும் மரச்சீனி மசித்ததும் பிசைந்தேன். நாய் முதலில் அளவோடு தின்றுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டது. போதும் என்றால் போதும் என்று நிறுத்துகிற இனம் அது. எங்கள் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நான் அப்படி ஒரு மனிதரைக் கண்டதில்லை. நான் பக்கத்தில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, உருண்டை பிடித்து, என் கையால் நீட்டினேன். அது உருண்டையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, பிறகு வாங்கித் தின்றது. வேண்டாமல்தான் தின்றது. என் கை என்பதால் தின்றது. ஒவ்வொரு உருண்டைக்கும் எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

மைதானத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். ஓடினால் சதை பிடிக்காதே! முதல் வாரம் அது காலையில் கயிறு தொங்கும் ஆணிக்குக் கீழே போய் நின்று பார்த்தது. நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு நிற்பதை விட்டுவிட்டது.

ஒரு மாதத்தில் விலா மறைந்தது. பிறகு இடுப்பு வளைவு நிரம்பியது. இல்லாமலிருந்த வயிறு வந்து, நெஞ்சும் வயிறும் ஒரே கோட்டில் இறங்கின. கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்த மெல்லிய கால்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் இத்தனை சதையையும் தூக்கிக்கொண்டு நிற்க முடியாமல் அது எந்நேரமும் படுத்தே கிடந்தது. வாசற்படி மூன்று ஏற நடுவில் ஒருமுறை நின்றது.

சபையில் ஒரே சந்தோஷம். “இப்பதான் பட்டி பட்டியா இருக்கு” என்று பெண்கள் சங்கமே வந்து பார்த்தது. பார்த்தவர்கள் என்னையும் ஏற இறங்கப் பார்த்து, மைனிக்கு முகம் தெளிஞ்சுபோச்சு என்றார்கள். வெள்ளிக்கிழமை எனக்காக நன்றி ஜெபம் நடந்தது. கேட்டீர்களா, நாய் தடித்ததும் என் மூளை சரியாகிவிட்டது. இதை அந்த மூளை டாக்டரிடம் யாராவது சொன்னால் அவருக்கும் பிரயோஜனமாக இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகன் வீடியோவில் வந்தான். “பட்டியைக் காட்டுங்க அம்மா” என்றான். முற்றத்தில் பலாமரத்து நிழலில் அது படுத்திருந்தது. போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். முன்னாலும் பின்னாலும் காட்டச் சொன்னான். காட்டினேன்.

“அய்யோ, எப்படி ஆகிட்டு! சூப்பர் அம்மா!” என்று கத்தினான். மருமகளைக் கூப்பிட்டான், பேத்தியைக் கூப்பிட்டான். மூன்று பேரும் நாயைப் பார்த்துக் கை தட்டினார்கள். “இப்பதான் எனக்கு நிம்மதி. நீங்க நல்லா இருக்கிய. இல்லமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நான் அவங்ககிட்ட சொல்லிடுகேன். நீங்க நம்ம வீட்டிலயே இருங்க.”

ஜெயித்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

“அப்ப கிறிஸ்துமஸுக்கு என்ன மீன் வாங்கட்டு? நெய்மீனா, வாளையா?” என்று கேட்டேன்.

“இல்ல அம்மா… இப்ப அவசரம் ஒண்ணும் இல்லியே. நீங்கதான் நல்லா இருக்கியளே. டிக்கெட் கேன்சல் பண்ணினா பாதியாவது திரும்பக் கிடைக்கும். அடுத்த வருசம் உறுதியா வாறோம்.”

“அதுக்கென்ன மக்கா. சௌகரியம்போல வாங்க” என்றேன். பேத்தி கையசைத்தாள். போனில் படம் மறைந்தது.

அப்படியே முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தேன். அப்போது வாழைக்கூட்டத்திலிருந்து ஒரு கீரி வெளியே வந்து முற்றத்தைக் குறுக்கே கடக்கத் தொடங்கியது. எனக்கு முன் நாய் அதைப் பார்த்தது. படுத்திருந்த உடம்பு எழுந்தது. கழுத்து நீண்டது, காது நின்றது, கண் அந்தக் கீரிமேல் குத்தி நின்றது. ஒரு கணம் அந்தச் சதைக்கு உள்ளேயிருந்து பழைய நாய் எட்டிப் பார்த்தது. பாய்ந்தது. நான்கு எட்டு போனது. ஐந்தாவது எட்டில் முன்னங்கால் மடங்கித் தரையில் விழுந்து, அங்கேயே நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கத் தொடங்கியது. கீரி ஓடவில்லை. ஓடவேண்டிய அவசியம் அதற்கு ஏற்படவில்லை. நடந்தே போயிற்று.

நான் போய் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அதன் நெஞ்சில் கை வைத்தேன். கைக்கு எலும்பு தட்டுப்படவில்லை, அதன் இதயம் படபடவென்று அடிப்பது மட்டும் சதை வழியாகத் தெரிந்தது. அது என் கையை நக்கியது. “நான்தான்டே உன்னக் கெடுத்தது. என்னை மன்னிச்சிரு மக்கா” என்றேன். அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

பார்க்க ஆளா இல்லை? மதிலுக்கு மேலே தலை வந்தது.

“என்ன மைனி, பட்டி இப்படித் தளர்ந்து கிடக்கு? பசிச்சிட்டாக்கும் கிடக்குது. கொஞ்சம் கஞ்சி இருக்கு, கொண்டு வரட்டா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இன்றைக்கு வேண்டாம் என்றால், நாளைக்கும் வேண்டாம் என்றால், இரண்டு மாதத்தில் மறுபடியும் விலா தெரியும். இது ஓடும். மகனும் வருவான். வந்து, சிரித்துக்கொண்டே என் சாவியை வாங்கிக்கொண்டு போவான்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“கொண்டு வா மக்கா” என்றேன். “கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கோ.”